குடல் நச்சும் எதிர்ப்பொருளும்: குளோஸ்டிரிடியம் டிஃபிசில் ஆய்வுக்கூடச் சோதனைகளின் வரலாறு (1977 – 2017)

ஆய்வுச்சுருக்கம்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொண்டோருக்கு ஏற்படும் கடும் பெருங்குடல் அழற்சிக்குக் குளோஸ்டிரிடியம் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவின் நச்சே காரணம் என்பது 1977, 1978ஆம் ஆண்டுகளில் உறுதியாயிற்று. அந்நச்சை மலத்தில் இனங்காண எதிர்ப்பொருள்கள் எவ்வாறு பயன்பட்டன, எந்தெந்த இடங்களில் அவை ஆய்வாளரை வழிமாற்றின, அவ்வழிமாற்றங்கள் எவ்வாறு அறியப்பட்டுத் திருத்தப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. ஒரு சோதனை நேர்முடிவு தரும்போது அதிலுள்ள எதிர்ப்பொருள் உண்மையில் எதனுடன் பிணைந்தது என்ற வினாவே இவ்வரலாற்றை முன்னகர்த்தியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எதிர்ப்பொருள், நச்சுமுறி, குறுக்கு வினை, குளோஸ்டிரிடியம் டிஃபிசில், எலைசா, மோனோகுளோனல், அறிவியல் வரலாறு.

1. முன்னுரை

ஒரு நோயின் காரணத்தை அறிவதும் அக்காரணத்தை ஒரு நோயாளியின் உடலில் இருப்பதாகக் காட்டுவதும் இருவேறு பணிகள். முதலாவது அறிவியல் வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டாவது ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலையாகக் கருதப்பட்டுப் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ஆனால் மருத்துவர் ஒருவர் மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும், நோயாளியைத் தனியறைக்கு மாற்றுவதும் இந்த இரண்டாவது பணியின் முடிவைப் பொறுத்தே அமைகின்றன.

எமில் வான் பெரிங்கும் ஷிபாசாபுரோ கிடாசாட்டோவும் 1890இல் தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றின் நச்சுகளை முறிக்கும் ஆற்றல் விலங்குகளின் சீரத்தில் உண்டாவதை நிறுவினர். அன்றுமுதல் எதிர்ப்பொருளுக்கு இரு பயன்கள் இருந்துவருகின்றன. ஒன்று நச்சை முறித்தல். மற்றொன்று நச்சை அடையாளம் காட்டுதல். ஒரு நச்சின் விளைவு குறிப்பிட்ட நச்சுமுறியால் தடுக்கப்பட்டால், அந்நச்சு அந்த நச்சுமுறிக்கு உரிய பாக்டீரியாவிலிருந்து வந்தது என்று முடிவுசெய்வது ஆய்வுக்கூட மரபாயிற்று. இம்மரபின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே காட்டும் சான்றாகக் குளோஸ்டிரிடியம் டிஃபிசில் விளங்குகிறது. இப்பாக்டீரியா 2016இல் குளோஸ்டிரிடியாய்டிஸ் என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. எனினும், இங்கு ஆராயப்படும் காலத்தின் பெரும்பகுதியில் வழங்கிய பழைய பெயரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

2. காரணம் அறியப்படாத நோய்

பெருங்குடலின் உட்பரப்பில் மஞ்சள் நிறத் திட்டுகளாகப் போலிச்சவ்வு படியும் நோயை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஃபின்னி 1893இல் பதிவுசெய்தார். இரைப்பை அறுவைக்குப் பின் இறந்துபோன இளம்பெண் ஒருவரின் குடலில் அவர் அதைக் கண்டார். அக்காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லை. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் அவை பரவலான பின்னர் இந்நோய் அடிக்கடி காணப்பட்டது. நோயாளிகளின் மலத்தை வளர்ப்பூடகத்தில் இட்டபோது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. எனவே அதுவே காரணம் எனக் கொள்ளப்பட்டது. வாய்வழியாகத் தரப்பட்ட வான்கோமைசின் பலருக்குக் குணமளித்தது இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. அம்மருந்து குளோஸ்டிரிடியம் டிஃபிசிலையும் அழிக்கவல்லது என்பதைப் பார்க்கும்போது, சிகிச்சை சரியாகவும் விளக்கம் தவறாகவும் இருந்த காலம் அது எனலாம்.

உண்மையான காரணியோ 1935இலேயே பெயர் பெற்றிருந்தது. ஐவன் ஹால், எலிசபெத் ஓ'டூல் ஆகிய இருவரும் பச்சிளங்குழந்தைகளின் குடல்வாழ் நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது ஆக்சிஜன் இல்லாச் சூழலில் மட்டும் வளரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். பிரித்தெடுப்பதற்கு அரிதாக இருந்ததால் ‘அரிதான’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பேசில்லஸ் டிஃபிசிலிஸ் என அதற்குப் பெயரிட்டனர். அதன் வளர்ப்பு நீர்மம் ஆய்வக விலங்குகளைக் கொன்றது. ஆனால் அதைக் குடலில் கொண்டிருந்த குழந்தைகள் நலமாக இருந்தனர். ஆகவே அது நோயுண்டாக்கும் உயிரி என்ற எண்ணம் வலுப்பெறாமல் நாற்பதாண்டுகள் கழிந்தன.

1974இல் ஃபிரான்சிஸ் டெடெஸ்கோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. கிளிண்டாமைசின் பெற்ற 200 நோயாளிகளை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். 42 பேருக்கு வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது 20 பேருக்குப் போலிச்சவ்வு இருந்தது. பத்தில் ஒருவர் என்னும் இவ்வளவு மருத்துவ உலகை அச்சுறுத்தியது. மருந்தே குடலை நேரடியாகப் புண்படுத்துகிறதா, அல்லது மருந்து வழிவிட்ட ஏதோ ஒன்று புண்படுத்துகிறதா என்ற வினா எழுந்தது.

3. வைரஸைத் தேடிய இடத்தில் நச்சு

இங்கிலாந்தின் ஹாரோ நகரிலிருந்த மருத்துவ ஆய்வு மையத்தில் லார்சன், பிரைஸ், டிரெல் முதலானோர் இந்நோய்க்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினர். நோயாளிகளின் மலத்தை வடிகட்டி, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட செல்களின் மீது இட்டனர். செல்கள் சுருங்கி உருண்டன. வைரஸ் செல்லுக்குள் பெருகும். ஆகவே பாதிக்கப்பட்ட செல்களின் நீர்மத்தைப் புதிய செல்களுக்கு அடுத்தடுத்து மாற்றினாலும் விளைவு தொடர வேண்டும். இங்கோ அவ்வாறு தொடரவில்லை. பெருகாமல் நீர்த்துப்போகும் ஒரு பொருளே செல்களைப் பாதித்தது என்பது இதனால் தெளிவாயிற்று. இதுவரை விவரிக்கப்படாத நச்சு ஒன்று போலிச்சவ்வுப் பெருங்குடல் அழற்சியில் உள்ளது என 1977இல் அவர்கள் வெளியிட்டனர்.

அந்நச்சு யாருடையது என்ற வினாவிற்கு விடைகாணச் செல் வளர்ப்பு மட்டும் போதவில்லை. செல் உருண்டு போவதை நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு நச்சின் விளைவு தெரியும். அதன் தோற்றுவாய் தெரியாது. இவ்விடத்தில்தான் எதிர்ப்பொருள் உள்ளே வருகிறது.

4. அயல் நச்சுமுறியும் குறுக்கு வினையும்

போர்க்காயங்களில் உண்டாகும் வாயுத் திசுவழுகலுக்கு எதிராகக் குதிரைகளில் உருவாக்கப்பட்ட நச்சுமுறிகள் பல ஆய்வுக்கூடங்களில் இருந்தன. அவை குளோஸ்டிரிடியம் பேரினத்தின் பல இனங்களுக்கு எதிரானவை. நோயாளிகளின் மல வடிநீருடன் இக்கலவையைச் சேர்த்தபோது செல்கள் பாதிக்கப்படவில்லை. பின்னர்க் கலவையின் உறுப்புகளைத் தனித்தனியே சோதித்தபோது குளோஸ்டிரிடியம் சோர்டெல்லிக்கு எதிரான நச்சுமுறி மட்டுமே நச்சை முறித்தது. மிச்சிகனில் ரிஃப்கின், ஃபெக்கெட்டி, சில்வா ஆகியோரும் ஹாரோவில் லார்சனும் பிரைஸும் 1977இன் இறுதியில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இம்முடிவுகளை வெளியிட்டனர்.

ஆய்வுக்கூட மரபின்படி குற்றவாளி குளோஸ்டிரிடியம் சோர்டெல்லியாக இருக்க வேண்டும். ஆனால் நோயாளிகளின் மலத்தில் அவ்வினத்தைத் தேடியவர்களுக்கு அது கிட்டவில்லை. இம்முரண்பாட்டைப் பாஸ்டன் நகரில் ஜான் பார்ட்லெட் தலைமையிலான குழு தீர்த்தது. கிளிண்டாமைசின் தரப்பட்ட ஹாம்ஸ்டர்கள் குடல் அழற்சியால் இறந்தன. இறந்தவற்றின் குடற்பொருளிலிருந்து நச்சு உண்டாக்கும் குளோஸ்டிரிடியத்தை அவர்கள் பிரித்தெடுத்தனர். அதனை நலமான ஹாம்ஸ்டர்களுக்குச் செலுத்தியபோது அதே நோய் உண்டாயிற்று. 1978இல் மனித நோயாளிகளின் மலத்திலிருந்தும் அதே பாக்டீரியா கிடைத்தது. அது குளோஸ்டிரிடியம் டிஃபிசில். அதே ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்தும் அமெரிக்காவின் மற்றொரு குழுவிடமிருந்தும் இதே முடிவு வெளிவந்தது. குளோஸ்டிரிடியம் டிஃபிசிலின் நச்சைக் குளோஸ்டிரிடியம் சோர்டெல்லிக்கு எதிரான நச்சுமுறி முறிக்கிறது என்பதைச் சாங், கோர்பாக், பார்ட்லெட் ஆகியோர் 1978இல் தனியே நிறுவினர்.

இவ்விரு பாக்டீரியாக்களும் ஒரே நச்சுக் குடும்பத்தைச் சார்ந்த புரதங்களை உண்டாக்குகின்றன என்பது பிற்காலத்தில் மரபணு வரிசைகள் வழியாகத் தெரியவந்தது. குளோஸ்டிரிடியம் சோர்டெல்லியின் கொல்நச்சு குளோஸ்டிரிடியம் டிஃபிசிலின் நச்சு ‘பி’யை மிக நெருக்கமாக ஒத்தது. ஆகவே ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பிணைத்தது. இதுவே குறுக்கு வினை.

இந்நிகழ்வில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நச்சுமுறிச் சோதனை காட்டியது பொய்யன்று. அந்நச்சு ஒரு குளோஸ்டிரிடியத்திற்கு உரியது என்ற அளவில் அது முற்றிலும் சரியாக இருந்தது. வைரஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ், மருந்தின் நேரடி விளைவு என விரிந்துகிடந்த தேடலை ஒரு பேரினத்திற்குள் ஒடுக்கியது அச்சோதனையே. இனத்தின் பெயரை அதனிடம் கேட்டபோதுதான் அது வழிமாற்றியது. நச்சுமுறி தந்த விடையை முடிவாகக் கொள்ளாமல், நுண்ணுயிர் வளர்ப்பாலும் விலங்கு ஆய்வாலும் ஒப்புநோக்கியதால் இவ்வழிமாற்றம் சில மாதங்களிலேயே திருத்தப்பட்டது.

5. செல் நச்சுச் சோதனையும் அதன் சுமையும்

இக்கண்டுபிடிப்பிலிருந்தே முதல் ஆய்வுக்கூடச் சோதனையும் பிறந்தது. நோயாளியின் மல வடிநீர் இரு பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒன்று நேரடியாகச் செல் வளர்ப்பில் இடப்படும். மற்றொன்று நச்சுமுறியுடன் கலந்து இடப்படும். முதலாவதில் செல்கள் உருண்டு, இரண்டாவதில் உருளாமலிருந்தால் நச்சு உண்டு என்பது முடிவு. நச்சுமுறி சேர்த்த பின்னும் செல்கள் பாதிக்கப்பட்டால் மலத்திலுள்ள வேறு ஏதோ ஒரு பொருள் காரணம் எனக் கொள்ளப்படும். எதிர்ப்பொருள் இங்கு ஒரு சாட்சியைப்போலச் செயற்படுகிறது. செல்லின் மாற்றம் வழக்கை எழுப்புகிறது. எதிர்ப்பொருள் அதனை உறுதிசெய்கிறது. குளோஸ்டிரிடியம் சோர்டெல்லிக்கு எதிரான நச்சுமுறி குளோஸ்டிரிடியம் டிஃபிசிலுக்குரிய சோதனையில் பல்லாண்டுகள் பயன்பட்டது. குறுக்கு வினை குழப்பமாக இருந்த நிலை மாறி, கருவியாயிற்று.

இச்சோதனை மிகச்சிறிய அளவு நச்சையும் காட்டவல்லது. ஆனால் செல் வளர்ப்பைப் பேணும் வசதி பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்தது. முடிவு தெரிய 24 முதல் 48 மணிநேரம் ஆயிற்று. மலத்தை உரிய குளிரில் வைக்காவிட்டால் நச்சு சிதைந்துவிடும். வயிற்றுப்போக்கால் தளர்ந்துபோன முதியவர் ஒருவருக்கு இரண்டு நாள் காத்திருப்பு நீண்டது. அக்காலத்தில் அவர் படுத்திருந்த அறையில் பாக்டீரியாவின் வித்துகளும் பரவின. செல் வளர்ப்பு இல்லாமல், சில மணிநேரத்தில், எந்த மருத்துவமனையிலும் செய்யத்தக்க ஒரு சோதனை தேவைப்பட்டது.

6. இரு நச்சுகளும் தூய எதிர்ப்பொருள்களும்

அத்தகைய சோதனைக்கான நுட்பம் ஆயத்தமாக இருந்தது. ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் 1971இல் வெளியிட்ட எலைசா முறையில், எதிர்ப்பொருளுடன் ஒரு நொதி இணைக்கப்படுகிறது. பிணைப்பு நிகழ்ந்த இடத்தில் நிறம் தோன்றுகிறது. கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் உருவாக்கிய மோனோகுளோனல் முறையோ ஒரே பிணைப்பிடத்தை மட்டும் நாடும் எதிர்ப்பொருளை அளவின்றி உண்டாக்க வழிசெய்தது. எனினும் நல்ல எதிர்ப்பொருள் வேண்டுமாயின் முதலில் தூய நச்சு வேண்டும்.

வர்ஜீனியா பாலிடெக்னிக் நிறுவனத்தில் டிரேசி வில்கின்ஸ் குழுவினர் 1982இல் நச்சைப் பிரித்துத் தூய்மையாக்கி, அது உண்மையில் இரு நச்சுகள் எனக் காட்டினர். பார்ட்லெட்டின் குழுவும் ஓராண்டு முன்னரே இரு நச்சுகளைப் பிரித்துக் காட்டியிருந்தது. நச்சு ‘ஏ’ முயலின் குடல் துண்டில் செலுத்தப்பட்டபோது நீரும் குருதியும் திரண்டன. நச்சு ‘பி’ அவ்வாறு செய்யவில்லை. ஆனால் செல் வளர்ப்பில் நச்சு ‘ஏ’யைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வீரியமாகச் செயற்பட்டது. இதனால் ‘ஏ’ குடல்நச்சு என்றும் ‘பி’ செல்நச்சு என்றும் வழங்கலாயின. இப்பெயரீடு பின்வந்த சோதனைகளின் போக்கையே தீர்மானித்தது. நோய் குடலில் நிகழ்வதால் குடல்நச்சான ‘ஏ’யே முதன்மையானது என்ற கருத்து நிலைபெற்றது.

வில்கின்ஸ் குழுவைச் சேர்ந்த டேவிட் லையர்லி 1983இல் நச்சு ‘ஏ’க்கான எலைசா முறையை வெளியிட்டார். 1986இல் அக்குழு மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. அவற்றுள் பி.சி.ஜி-4 என்பது நச்சு ‘ஏ’யின் இறுதிப் பகுதியில் திரும்பத்திரும்ப வரும் அமினோ அமில வரிசைகளைப் பிணைத்தது. ஒரே மூலக்கூறில் பிணைப்பிடங்கள் பல இருந்ததால் அது சோதனைக்கு மிகவும் உகந்ததாயிற்று. நச்சு ‘ஏ’யின் குடல் பாதிப்பையும் அது தடுத்தது. ஆய்வுக்கூடக் கருவியாக உருவான எதிர்ப்பொருள் மருந்தாகவும் ஆகக்கூடும் என்பதற்கான முதற்குறி இங்குத் தென்பட்டது.

7. லேடெக்ஸ் சோதனை: பெயர் ஒன்று, பொருள் வேறு

1980களின் நடுப்பகுதியில் எளிய சோதனை ஒன்று விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பொருள் பூசப்பட்ட நுண்ணிய லேடெக்ஸ் மணிகளுடன் மல வடிநீரைக் கலந்தால், நச்சு இருக்குமிடத்து மணிகள் ஒன்றுசேர்ந்து திரளும். சில நிமிடங்களில் முடிவு தெரியும். கருவி எதுவும் வேண்டா. நச்சு ‘ஏ’யைக் கண்டறியும் சோதனை என்ற பெயரில் இது மருத்துவமனைகளில் பரவியது.

லையர்லியும் வில்கின்ஸும் தம்மிடமிருந்த தூய நச்சு ‘ஏ’யை இச்சோதனையில் இட்டுப் பார்த்தனர். மணிகள் திரளவில்லை. நச்சே உண்டாக்காத குளோஸ்டிரிடியம் டிஃபிசில் திரிபுகளின் வளர்ப்பு நீர்மத்தை இட்டபோதோ மணிகள் திரண்டன. நச்சு ‘ஏ’க்கான சோதனை நச்சு ‘ஏ’யைக் கண்டறியவில்லை என 1986இல் அவர்கள் வெளியிட்டனர். விலங்குகளில் எதிர்ப்பொருளை உண்டாக்கப் பயன்படும் நச்சு முற்றிலும் தூயதாக இல்லாவிடில், உடன்கலந்த வேறு புரதங்களுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உருவாகும் என்பது பாலிகுளோனல் சீரங்களின் அறியப்பட்ட இயல்பு. இச்சோதனை அத்தகைய வேறொரு புரதத்தையே கண்டறிந்துவந்தது. அப்புரதம் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி என்பது 1991இல் அறியப்பட்டது. நச்சுடைய திரிபும் நச்சற்ற திரிபும் இந்நொதியை ஒருங்கே உண்டாக்குகின்றன. ஆக்சிஜனின்றி வாழும் வேறு சில பாக்டீரியாக்களிலும் இதனை ஒத்த புரதம் உண்டு.

இதன் விளைவு மருத்துவத்தில் நேரடியானது. நச்சற்ற திரிபை வெறுமனே குடலில் கொண்டிருந்தவர்களும் ‘நச்சு உண்டு’ என்ற முடிவைப் பெற வாய்ப்பிருந்தது. அவர்களின் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். அது தேடப்படாமற் போகவும் இடமுண்டு.

ஆயினும் இச்சோதனையின் வரலாறு இத்துடன் முடியவில்லை. குளோஸ்டிரிடியம் டிஃபிசிலின் எல்லாத் திரிபுகளும் இந்நொதியை மிகுதியாக உண்டாக்குகின்றன. ஆகையால் மலத்தில் இந்நொதி இல்லையெனில் அப்பாக்டீரியாவும் இல்லை என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம். இதனையறிந்த ஆய்வாளர்கள், நச்சு என்ற பெயரை நீக்கி, நொதியை நொதியாகவே கண்டறியும் சோதனைகளை உருவாக்கினர். இன்று பல நாடுகளில் முதற்கட்டச் சல்லடையாக நொதிச் சோதனையே பயன்படுகிறது. 1986இல் குறையாகக் காணப்பட்ட பண்பு, அதன் பொருள் சரியாக உணரப்பட்ட பின்னர்ப் பயனாயிற்று. மாறியது எதிர்ப்பொருளின் வேதியியல் அன்று. அதன் முடிவுக்குத் தரப்பட்ட பொருள்.

8. நச்சு ‘ஏ’ இல்லாத திரிபுகள்

1990களில் நச்சு ‘ஏ’யை மட்டும் நாடும் எலைசா சோதனைகள் பரவலாயின. அவற்றின் எதிர்ப்பொருள்கள் தூயவை. பிணைப்பு ஐயத்திற்கு இடமற்றது. இம்முறை சிக்கல் பாக்டீரியாவின் பக்கத்திலிருந்து எழுந்தது. நச்சு ‘ஏ’யை உண்டாக்காமல் நச்சு ‘பி’யை மட்டும் உண்டாக்கும் திரிபுகள் அறியப்பட்டன. அவற்றுள் பரவலான ஒரு வகையில், நச்சு ‘ஏ’க்கான மரபணுவின் தொடக்கத்திலேயே நிறுத்தக் குறி ஒன்று அமைந்திருந்தது, இறுதியிலுள்ள மீள்வரிசைப் பகுதியிலும் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. எதிர்ப்பொருள் எந்தப் பகுதியைப் பற்றிக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அப்பகுதியே குறைபட்டிருந்தது.

தொடக்கத்தில் இத்திரிபுகள் நோயுண்டாக்காதவை எனக் கருத இடமிருந்தது. ‘ஏ’தான் குடல்நச்சு என்ற 1982இன் பெயரீடு அவ்வாறு எண்ணத் தூண்டியது. 1998இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இத்தகைய திரிபால் மருத்துவமனைக் கொள்ளைநோய் உண்டாயிற்று. நெதர்லாந்திலிருந்து 2001இல் இதையொத்த அறிக்கை வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் அறிக்கை, போலிச்சவ்வு அழற்சியால் உயிரிழந்த நோயாளியிடமிருந்து பெறப்பட்ட திரிபு நச்சு ‘ஏ’ சோதனையில் சிக்கவில்லை எனக் காட்டியது. எதிர்மறை முடிவு இங்கு வெறும் புள்ளிவிவரப் பிழையாக நிற்கவில்லை.

இதன்பின் இரு நச்சுகளையும் ஒருங்கே நாடும் சோதனைகள் ‘ஏ’ சோதனைகளின் இடத்தைப் பிடித்தன. நச்சு ‘பி’யின் தகுதியை அறிவியலும் மறுமதிப்பீடு செய்தது. அந்நச்சு செல்லின் உள்ளே ரோ புரதங்களில் குளுக்கோசை இணைத்து, செல்லின் உட்சட்டகத்தைக் குலைக்கிறது என 1995இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வு விளக்கியிருந்தது. 1977இல் ஹாரோவில் கண்ட செல் உருளலின் மூலக்கூறு விளக்கம் இதுவே. 2009இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று, நச்சு மரபணுக்களைத் தனித்தனியே செயலிழக்கச் செய்து, ஹாம்ஸ்டர் நோய்க்கு ‘பி’ இன்றியமையாதது எனக் காட்டியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் குழு, இரண்டும் தனித்தனியே நோயுண்டாக்க வல்லவை என்றது. இவ்விரு முடிவுகளுக்கிடையே விவாதம் நீடித்தாலும், நச்சு ‘பி’யைப் புறக்கணிக்கும் சோதனை ஏற்கத்தக்கதன்று என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

9. மரபணுச் சோதனையும் நச்சுக்கு மீளுதலும்

2000களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் பின்னர் அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளிலும் 027 என்று எண்ணிடப்பட்ட வீரியமிக்க திரிபு பரவியது. எலைசா சோதனைகள் விரைவானவையாயினும், செல் நச்சுச் சோதனையோடு ஒப்பிட்டால் உண்மையான நோயாளிகள் சிலரைத் தவறவிட்டன. இறப்புகள் மிகுந்த காலத்தில் இக்குறை பொறுக்கத்தக்கதாக இல்லை. 2009 முதல் அமெரிக்க மருத்துவமனைகளில் நச்சு மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை வேகமாகப் பரவியது. எதிர்ப்பொருளின் காலம் முடிந்ததுபோலத் தோன்றிற்று.

ஆனால் மரபணு இருப்பதும் நச்சு உண்டாவதும் ஒன்றல்ல. நச்சு உண்டாக்கும் திறனுடைய பாக்டீரியாவை நோயின்றிச் சுமப்போர் பலர். 1935இல் ஆராயப்பட்ட குழந்தைகளே இதற்கு முதற்சான்று. 2013இல் பிரிட்டனில் பிளான்ச் முதலானோர் 12,420 மல மாதிரிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மலத்தில் நச்சு நேரடியாகக் காணப்பட்டவர்களிடையே இறப்பு மிகுந்திருந்ததையும், நச்சுத்திறனுள்ள பாக்டீரியா மட்டும் இருந்து நச்சு காணப்படாதவர்களிடையே அவ்வாறு இல்லாததையும் காட்டினர். 2015இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வில் 1,416 நோயாளிகளுள் 293 பேர் பி.சி.ஆர். நேர்முடிவு பெற்றனர், அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் எதிர்ப்பொருள் சோதனை நச்சைக் காட்டவில்லை. அவர்களின் நோய்ப்போக்கு, பாக்டீரியாவே இல்லாதவர்களின் போக்கைப் பெரிதும் ஒத்திருந்தது. மரபணுச் சோதனையை மட்டும் நம்பினால் நோயற்றவர்களுக்கும் நோய்ப்பெயர் சூட்டப்படும் என்பதே இவ்வாய்வின் எச்சரிக்கை.

பிரிட்டன் 2012இலேயே இரு கட்டச் சோதனையை வழிகாட்டு நெறியாக அறிவித்திருந்தது. முதலில் நொதிச் சோதனை அல்லது மரபணுச் சோதனை. அது நேர்முடிவு தந்தால் நச்சுக்கான எதிர்ப்பொருள் சோதனை. 1986இல் பெயர் பிழைத்த நொதியும், 1977 முதல் தேடப்பட்ட நச்சும், தத்தம் பொருள் தெளிந்து, ஒரே முறைக்குள் அடுத்தடுத்த படிகளாக இங்கு அமர்கின்றன.

10. சோதனைக் குழாயிலிருந்து நோயாளியின் குருதிக்கு

எதிர்ப்பொருளின் மற்றொரு பயனான நச்சுமுறித்தலும் இக்காலத்தில் மீண்டும் கவனம் பெற்றது. பாக்டீரியாவைச் சுமந்தும் நோயுறாதவர்களின் குருதியில் நச்சு ‘ஏ’க்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதை 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. இதன் தொடர்ச்சியாக நச்சு ‘ஏ’க்கும் ‘பி’க்கும் எதிரான மனித மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் மருந்தாகச் சோதிக்கப்பட்டன. 2017இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில், நச்சு ‘பி’க்கு எதிரான பெஸ்லோடாக்சுமாப் பெற்றவர்களுள் முறையே 17, 16 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களுள் 28, 26 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் வந்தது. நச்சு ‘ஏ’க்கு எதிரான எதிர்ப்பொருள் தனித்துப் பயனளிக்கவில்லை. நோய்க்கு ‘ஏ’யே முதன்மை என்ற 1980களின் கருத்து, மனித உடலில் நடந்த இச்சோதனையால் மேலும் தளர்ந்தது. பெஸ்லோடாக்சுமாப் 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, 2025 தொடக்கத்தில் உற்பத்தியாளரால் நிறுத்தப்பட்டது. ஆயினும் அது நிறுவிய அறிவியல் முடிவு நிலைத்துள்ளது.

முடிவுரை

குளோஸ்டிரிடியம் டிஃபிசில் நச்சைக் கண்டறியும் சோதனைகளின் நாற்பதாண்டு வரலாற்றில் மூன்று வழிமாற்றங்கள் தெளிவாகப் புலப்படுகின்றன. 1977இல் எதிர்ப்பொருள் சரியான நச்சைப் பிணைத்தது. ஆனால் வேறொரு பாக்டீரியாவின் பெயரைச் சுட்டியது. 1980களின் நடுவில் அது சரியான பாக்டீரியாவைச் சுட்டியது. ஆனால் நச்சல்லாத புரதத்தைப் பிணைத்தது. 1990களில் அது உரிய நச்சையே பிணைத்தது. ஆனால் அந்நச்சு இல்லாமலும் நோய் உண்டாகும் என்பதை அச்சோதனையால் காண இயலவில்லை. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பொருள் தன் இயல்புப்படியே செயற்பட்டது. தவறு அதன் முடிவை வாசித்த முறையிலும், வாசிப்பிற்கு அடிப்படையான முன்முடிவிலும் இருந்தது.

இவை திருத்தப்பட்ட விதமும் ஒன்றுபோலவே அமைந்துள்ளது. முதலாவது, நுண்ணுயிர் வளர்ப்பாலும் விலங்கு ஆய்வாலும். இரண்டாவது, தூய நச்சையும் நச்சற்ற திரிபையும் ஒப்புச் சோதனையாக இட்டதாலும். மூன்றாவது, நோயாளிகளின் உண்மை நிலையைச் சோதனை முடிவோடு ஒட்டிப் பார்த்ததாலும் வெளிப்பட்டன. சோதனைக்கு வெளியிலிருந்து பெறப்பட்ட சான்றே சோதனையைத் திருத்தியது. பி.சி.ஆர். வந்தபின் எழுந்த மிகை நோயறிதலும் இதே வழியிலேயே, நோயாளிகள் பிழைத்தார்களா இறந்தார்களா என்று எண்ணிப் பார்த்ததால், அறியப்பட்டது. ஆகவே ஆய்வுக்கூடச் சோதனைகளின் வரலாற்றை எழுதுவோர், புதிய கருவி பழைய கருவியை வென்ற கதையாக மட்டும் அதை எழுதுவது போதாது. ஒவ்வொரு கருவியும் எதனைக் கண்டது, எதனைக் கண்டதாகக் கருதப்பட்டது என்னும் இரண்டையும் அருகருகே வைத்து எழுதும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.